மூன்றாவது புள்ளி

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டது இல்லை, நண்பனின் நண்பனுக்கு நடந்ததும் இல்லை. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபதுக்கும் மதியம் மூன்று பத்துக்கும் நடுவில். பேய் என்றால் இருட்ட வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நான் மெக்கானிக். வயது நாற்பத்தைந்து. பழைய கார்கள் மட்டும்தான் பார்ப்பேன். வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "ஃபில்டர் அடைச்சிருக்கும், கழட்டிப் பாருங்க" என்று கிண்டல் செய்து அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. பத்தாவது வருடம் வயிற்றில் தங்கியது. எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை, எங்கே கலைந்துவிடுமோ என்று பயம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தங்கமான மனிதர். காரைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை, உருண்டை விளக்கு வைத்த பழைய கறுப்புக் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று. ஒன்பதாம் மாதத்தில் வாங்கியே விட்டார்.

"குழந்தையை ஆஸ்பத்திரியிலேருந்து இந்தக் கார்லதான் கூட்டிக்கிட்டு வரணும் மச்சான். நீங்கதான் ரெடி பண்ணித் தரணும்."

தங்கையும் குழந்தையும் வரப்போகிற வண்டி. நான் சும்மா விடுவேனா. மற்ற வேலைகளை எல்லாம் தள்ளிவைத்தேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கார் வந்தது. எங்கள் பக்கத்தில் கெட்டுப்போன வண்டிகளை எல்லாம் இழுப்பவர் ஒரு வயதான கிரேன்காரர். அவர்தான் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு வந்து, ஒர்க்ஷாப்பில் நான் இறங்கி வேலை பார்க்கும் குழிக்கு மேலே நேராக இறக்கினார். எந்த வண்டி வந்தாலும் பானெட்டில் கையை வைத்து "வா ராசா" என்று சொல்வது என் பழக்கம். அப்படியே செய்தேன். எப்போதும் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போகும் கிரேன்காரர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவசர வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வலது மட்கார்டு நசுங்கியிருந்தது. பழைய வண்டி என்றால் எங்கேயாவது முட்டியிருக்கும். சீட்டுக்கெல்லாம் அந்தக் காலத்து மெரூன் ரெக்ஸின் அப்படியே இருந்தது. டிரைவர் சீட்டில் மட்டும் இல்லை. ரெக்ஸினை யாரோ உரித்து எடுத்திருந்தார்கள். வெறும் ஸ்பிரிங், அதன்மேல் ஒரு சாக்கு.

ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை.

"வாங்கும்போது நல்லாத்தான் சுத்துச்சு மச்சான். ஒரு விரல்ல. வெண்ணெய் மாதிரி."

"உடைஞ்ச ஸ்டீரிங்தான் மாப்பிள்ளை அப்படிச் சுத்தும். இது ஆடக்கூட மாட்டேங்குது. உங்க ஆசையில உங்களுக்கு எல்லாமே வெண்ணெயா தெரிஞ்சிருக்கு."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் ஸ்டீரிங்குக்குக் கீழே போகும் இரும்புத் தண்டு முட்டினால் மடங்கிக்கொள்ளும். பழைய வண்டியில் மடங்காது. ஸ்டீரிங்கிலிருந்து முன்சக்கரம் பக்கம் வரை ஒரே நீள ஷாஃப்ட், ஒரு குழாய்க்குள்ளே ஈட்டி போல நிற்கும். அதன் மேல்முனை ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு நேராக இருக்கும். அதனால் ஸ்டீரிங் ஷாஃப்ட் விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

வெள்ளிக்கிழமை முன்சக்கரங்களைக் கழற்றினேன். கீழே ஷாஃப்ட் போய்ச் சேரும் கப்ளிங்கின் போல்ட்டை எடுத்தேன். மேலே பிடித்திருக்கும் கிளிப்பையும் எடுத்தேன். இனி ஷாஃப்டைத் தடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்டீரிங் திரும்பவில்லை, ஷாஃப்டும் வரவில்லை. குழாய்க்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முடிவுகட்டினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் துரு எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன்.

ஞாயிறு. வேலையாட்களுக்கு லீவு. காலை 10.20க்கு நானும் மாப்பிள்ளையும் போனோம். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தேன், இல்லையென்றால் திறந்திருக்கிறது என்று யாராவது வந்துவிடுவார்கள். பிரசவத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

ஸ்டீரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு குறி வைக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது கோணலாகாமல் இருக்க. எல்லோரும் உளியால் ஒரு கோடு இழுப்பார்கள். நான் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துத் தட்டி மூன்று புள்ளி வைப்பேன். மேலே இரண்டு, கீழே ஒன்று. கோடு அழியும், புள்ளி அழியாது. உண்மையைச் சொன்னால் அது என் கையெழுத்து. இது நான் தொட்ட வண்டி என்று ஒரு திமிர். இந்த ஊரில் வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. ஸ்டீரிங்கின் நடுவில் இரண்டு, ஷாஃப்டின் முனையில் ஒன்று என்று தட்டினேன். மணி 10.45.

நட்டு சுலபமாகக் கழன்றது. முழுதாக எடுக்கவில்லை, கடைசி நான்கு மரையில் விட்டுவைத்தேன். அது இல்லாமல் இழுத்தால், திடீரென்று விடும்போது ஸ்டீரிங் மூஞ்சியில் அடிக்கும். பல் போன மெக்கானிக்குகள் எல்லாம் இதைக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

சாக்கின்மேல் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் ஸ்டீரிங்குக்குக் கீழே கொடுத்து இழுத்தேன். வரவில்லை. மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடப் பிடித்தார். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தோம்.

"மச்சான், ஏன் இங்க ஈரமா இருக்கு?"

பார்த்தேன். ஸ்டீரிங் வட்டத்தில் இரண்டு இடத்தில் மட்டும் ஈரம். இடது கை பிடிக்கும் இடத்தில் ஒன்று, வலது கை பிடிக்கும் இடத்தில் ஒன்று. எண்ணெய் இல்லை, முகர்ந்து பார்த்தேன். வியர்வை வாடை.

"நம்ம கைதான்" என்றேன். துணியால் துடைத்தேன்.

ஆனால் நான் பிடித்தது கீழே. அவர் பிடித்தது ஓரத்தில். மேலே யாரும் பிடிக்கவில்லை... அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

11.50க்கு மாப்பிள்ளையின் போன் அடித்தது. என் மனைவி. தங்கைக்கு வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், நேராக வந்துவிடுங்கள் என்றாள். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பதினாறு நாள் முன்னாலேயே.

"நீங்க போங்க. நான் வந்து என்ன பண்ணப்போறேன். இன்னிக்கு இதை உருவிட்டா நாளைக்கு மாட்டிடலாம்."

"முடிஞ்சிடுமில்ல மச்சான்?"

"முடியும். பயப்படாம போங்க."

அவர் குனிந்து ஷட்டருக்குக் கீழே போனார். ஓடும் செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்துக் கடை எல்லாம் பூட்டு. நானும் அந்தக் காரும்தான்.

ஒரு மணி வரை மேலிருந்தே முயன்றேன். சூடு காட்டினேன், தட்டினேன், திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கீழேயிருந்து அடித்துப் பார்க்கலாம் என்று 1.15க்கு டார்ச்சும் சுத்தியலும் பித்தளைக் கம்பியும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். ஷாஃப்டின் கீழ்முனையில் பித்தளைக் கம்பியை வைத்து மேல்நோக்கி அடித்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே, சீட்டின் ஸ்பிரிங் கிரீச் என்றது.

நிறுத்தினேன். வண்டி அடியில் அதிர்வு கொடுத்தால் மேலே எதுவும் கிரீச்சிடும். மறுபடி அடித்தேன். மறுபடி கிரீச். இந்தத் தடவை நான் அடித்து முடித்து, ஐந்து விநாடி கழித்து வந்தது. உட்கார்ந்திருப்பவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் வரும் சத்தம்.

எலி என்று சொல்லிக்கொண்டேன். சாக்கு இருக்கிறதே, எலி வராமல் என்ன.

1.50க்கு மேலே ஏறி வந்து கதவைத் திறந்து பார்த்தேன். எலி இல்லை. சாக்கின் நடுவில் பள்ளமாக இருந்தது. காலையில் நான் உட்கார்ந்ததால் இருக்கும். ஸ்டீரிங்கில் மறுபடி அந்த இரண்டு இடத்தில் ஈரம். துடைத்துவிட்டு நட்டைப் பார்த்தேன்.

நட்டு முழுதாக முறுக்கப்பட்டிருந்தது.

நான்கு மரையில் விட்டுவைத்த நட்டு. என் கையால் விட்டது. இப்போது அடிவரை இறுகி உட்கார்ந்திருந்தது. ஸ்பேனர் என் பின்பாக்கெட்டில்தான் இருந்தது. மாப்பிள்ளை முறுக்கினாரா? அவருக்கு நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றே தெரியாது. அதோடு அவர் போன பிறகும் நான் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தேன்.

ஒருவேளை தொடவில்லையோ... வயதாகிறது, மறந்திருப்பேன்.

தண்ணீர் குடித்தேன். போனை எடுத்து மாப்பிள்ளைக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மனைவி எடுத்தாள். "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுபடி குழிக்குள் இறங்கினேன். மணி 2.35. பெடல்களுக்குப் பக்கத்தில் தரைத்தகட்டை வெள்ளிக்கிழமையே எடுத்திருந்தேன். அந்த ஓட்டை வழியாகக் கீழேயிருந்து பெடல்களும் அதற்கு மேலே ஸ்டீரிங் குழாயும் தெரியும். குழாயில் எங்காவது நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்க டார்ச்சை மேலே அடித்தேன்.

பிரேக் பெடல் அடிவரை அழுந்தியிருந்தது.

இந்த வண்டியில் பிரேக் ஆயில் இல்லை. ஆயில் இல்லாவிட்டால் பெடல் தொளதொளவென்று இருக்கும், ஆனால் அதன் ஸ்பிரிங் அதை மேலேதான் இழுத்துவைக்கும். காலையில் மேலேதான் இருந்தது. இப்போது தரையோடு தரையாக இருந்தது. யாரோ முழு பலத்தோடு மிதித்ததுபோல.

அது நடுங்கிக்கொண்டிருந்தது.

லேசாக. ஒருவர் பிரேக்கை மிதித்து, இடுப்பை விறைத்து, கால் நடுங்க நடுங்க அழுத்தினால் எப்படி நடுங்குமோ அப்படி.

டார்ச்சை அணைக்கத் தோன்றியது. கை வரவில்லை.

அப்போது மூச்சு கேட்டது.

என் மூச்சு இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மேலே... சீட்டிலிருந்து... வேகமாக. உள்ளே இழுத்து, விடாமல், மறுபடி இழுத்து...

குழியிலிருந்து எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. முழங்கால் தோல் உரிந்திருந்ததை மாலையில்தான் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் 2.58. ஷட்டர் எதிரே. நடுவில் கார். அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

காரைப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே விழுந்திருந்தது. சீட்டு தெரிந்தது, சாக்கு தெரிந்தது.

ஸ்டீரிங் சுற்றியது.

இடது பக்கம் முழுதாக. பிறகு வலது. பிறகு இடது. பிறகு வலது. இன்னும் வேகமாக... கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அது என்ன என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீரிங் திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை. வண்டி திரும்பாதபோது ஓட்டுகிறவர் அப்படித்தான் சுற்றுவார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எந்தப் பக்கமாவது பிடிக்குமா என்று. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே.

ஓடியிருக்கலாம். ஷட்டர் பத்தடி தூரம்.

ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நான் செய்ய மாட்டேன் என்றால் மாப்பிள்ளை வேறு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவார். அங்கே யாராவது இரண்டு சொட்டு எண்ணெய் ஊற்றி, பெயிண்ட் அடித்துக் கொடுப்பான். பின்சீட்டில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒன்பது வருடம் காத்திருந்த குழந்தை.

இந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் போக முடியாது.

கதவைத் திறந்தேன். சீட்டில் உட்காரவில்லை. வெளியே நின்றபடி குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். ஸ்டீரிங் நின்றது. தொட்டேன். இரும்பு போல இறுகியிருந்தது. என் விரல்களுக்குக் கீழே ஈரம். சூடான ஈரம்.

அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"விடுங்க."

எதுவும் இல்லை.

"கையை விடுங்க... நான் பார்த்துக்கிறேன்... விடுங்க."

ஒரு விநாடி.

இரண்டு.

என் விரல்களுக்குக் கீழே ஏதோ ஒவ்வொன்றாகத் தளர்ந்தது.

ஸ்டீரிங் என் கையோடு வந்துவிட்டது. இழுக்கவே இல்லை. ஷாஃப்டோடு சேர்ந்து, உறையிலிருந்து கத்தி வருவதுபோல வந்தது. நான் பின்பக்கமாகத் தரையில் விழுந்தேன். மணி 3.10.

தரையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். ஷாஃப்ட் நாலரை அடி இருக்க வேண்டும். என் கையில் இரண்டடிதான் இருந்தது. முனையில் உடைந்திருந்தது. புதிதாக உடைந்தது இல்லை. உடைந்து பல வருடம் ஆகிக் கறுத்துப்போன உடைப்பு. ஓரத்தில் வெல்டிங் வைத்த தழும்பு. துரு எங்குமே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளவென்று இருந்தது. எழுந்து போய்க் குழாயின் மேல்பக்கத்து பேரிங்கை விரலால் தொட்டேன். சத்தமில்லாமல் சுற்றியது.

துருப்பிடித்து ஒட்டியிருந்தது கீழ்த் துண்டு மட்டும்தான். மேல் துண்டு அதோடு சேர்ந்தே இல்லை. இந்த ஸ்டீரிங்கை எதுவுமே பிடித்திருக்கவில்லை. சின்னக் குழந்தை ஒரு விரலால் சுற்றியிருக்கலாம். அதைத்தான் மூன்று நாளாக என்னால் அசைக்க முடியவில்லை.

உடைந்த முனையைத் துணியால் துடைத்தேன். வெல்டிங் தழும்புக்கு மேலே, விரல் அகலம் தள்ளி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, இரண்டு புள்ளிகள்.

மூன்றாவது புள்ளியைத் தேட டார்ச்சை எடுத்தேன். தேட வேண்டியதே இல்லை, இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குழாய்க்குள் வெளிச்சம் அடித்தேன். ஆழத்தில், கீழ்த் துண்டின் முனையில், துருவுக்கு நடுவே இருந்தது. ஒரே ஒரு புள்ளி.

அந்த வெல்டிங்கை வைத்தவன் நான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. அப்போது நான் வேறொருவரின் ஒர்க்ஷாப்பில் வெல்டிங் வேலையில் இருந்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். என் வயதுதான் இருக்கும் ஒருவர், போர்வையில் சுற்றி ஒரு ஸ்டீரிங் ஷாஃப்டைக் கொண்டுவந்தார். இரண்டாக உடைந்திருந்தது. காரை நான் பார்க்கவே இல்லை. ஸ்டீரிங்கில் வெல்டிங் வைக்கக் கூடாது, புதிது வாங்குங்கள், ஒரு மாதத்தில் வரும் என்றேன். மனைவிக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, நாளைக்குக் கூட்டிவர வேண்டும் என்று கெஞ்சினார்.

"வீட்டுக்கு வர்ற வரைக்கும் தாங்கினா போதும் தம்பி."

எனக்கு இருபத்து மூன்று வயது. என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு துண்டையும் நேராகப் பொருத்தி, மேலே இரண்டு புள்ளி, கீழே ஒன்று வைத்து, ஒட்டிக் கொடுத்தேன். "மெதுவா ஓட்டுங்க, திங்கக்கிழமை வந்து காட்டுங்க" என்றேன். அவர் வரவில்லை. வேறு இடத்தில் மாற்றியிருப்பார் என்று நானே சொல்லிக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு ஒரு ஸ்டீரிங்கிலும் நான் வெல்டிங் வைத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

4.25க்கு மாப்பிள்ளை போன் செய்தார். குரல் கரகரத்தது.

"பொண்ணு மச்சான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தரையில் கிடந்த ஷாஃப்டைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் அழுத்தினேன்.

"மச்சான்? புதன்கிழமை அனுப்பிடுவாங்களாம். வண்டி?"

"வண்டி ஆகாது மாப்பிள்ளை. ஷாஃப்ட் உடைஞ்சிருக்கு. இந்த மாடலுக்கு இப்ப எங்கயும் கிடைக்காது."

"ஒரு வெல்டு வச்சுக் கொடுங்களேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் தாங்கினா போதும்."

அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை, நல்ல வார்த்தைகள் இல்லை. குழந்தை பிறந்த அன்றைக்கே அந்த மனிதரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தங்கையும் குழந்தையும் புதன்கிழமை வாடகைக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை. குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள், எனக்கு அது போதும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். மனம் என்னவோ செய்தது, கண் என்னவோ பார்த்தது என்று தள்ளியிருப்பேன்.

பதினோரு நாள் கழித்து கிரேன்காரரைத் தெருமுனை டீக்கடையில் பார்த்தேன். அவரே என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கறுப்பு வண்டி என்னாச்சு தம்பி?"

"அப்படியே நிக்குதுண்ணே. ஏன்?"

"அதை நான் ரெண்டு தடவை இழுத்திருக்கேன். உங்க இடத்துக்குக் கொண்டாந்தது ரெண்டாவது தடவை."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மொதல் தடவை இருபத்திரண்டு வருஷம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை, மணி மூணு இருக்கும். வளைவுல திரும்பாம நேரா போய் மரத்துல முட்டியிருந்துச்சு. ஓட்டினவர் உள்ளயே இருந்தார். ஷாஃப்ட் நெஞ்சுல... வேணாம் விடுங்க. பொண்டாட்டியையும் பொறந்த கொழந்தையையும் கூட்டிட்டு வரப் போயிட்டிருந்தாராம். அந்தப் பொண்ணு சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுச்சாம்."

"அப்புறம்?"

"வண்டியை விக்கவே விடல அந்தம்மா. ஷெட்டுல போட்டுப் பூட்டி வச்சிருந்தாங்க. போன மாசம் அவங்க தவறிட்டாங்க. அந்தக் கொழந்தை இப்ப வளந்த பொண்ணு, அதுதான் வித்துச்சு."

அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு அவரை வெளிய எடுக்க முடியல தம்பி. கால் பிரேக்கை விட்டு வரல. கை ஸ்டீரிங்கை விட்டு வரல. வெரலை ஒண்ணொண்ணா பிரிச்சோம். பிரிச்சு முடிச்சதும் ஸ்டீரிங் தானா சுத்துச்சு, காத்தாடி மாதிரி. உள்ள எதுவுமே பிடிச்சிருக்கலை."

"இப்ப எடுக்கப் போனப்போ?" என்று கேட்டேன்.

"இப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. ஷெட்டுலேருந்து உங்க இடம் வரைக்கும், வழி முழுக்க அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே வந்துச்சு. கண்ணாடில பார்த்துக்கிட்டேதான் வந்தேன். உங்க குழி மேல எறக்குற வரைக்கும் ஆடுச்சு."

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வந்து பானெட் மேல கை வச்சீங்க பாருங்க. அப்ப டக்குனு நின்னுச்சு. யாரோ புடிச்ச மாதிரி. அதான் நான் நிக்காம கெளம்பிட்டேன்."

வண்டி இன்னும் என் ஒர்க்ஷாப்பில்தான் இருக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். வண்டியை விற்ற அந்தப் பெண்ணின் விலாசத்தை மாப்பிள்ளையிடம் வாங்கிவிட்டேன். இதுவரை இரண்டு தடவை அந்தத் தெரு வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.